நரியை விரட்டப் போட்ட ஆட்டுக்குட்டி சத்தம்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ரப்பர் தோட்டத்துல சுத்துற நரியை விரட்டணும்.

எனக்க பொண்டாட்டி ஷீபா வளத்தது பதினாலு கோழி. ஒரு மாசத்துல ஒம்பதை நரி கொண்டு போச்சு. "மிச்சம் அஞ்சும் போச்சுன்னா நீங்களும் அது பின்னாலயே போயிருங்க"ன்னு அவ சொல்லியாச்சு.

பஞ்சாயத்துல காட்டுப்பன்னி சுட அனுமதி உள்ள ஜெயராஜ் அண்ணனைப் போய்ப் பாத்தேன்.

"அண்ணே, ஒரு வெடி போதும்."

"எலே, பன்னின்னா சுடலாம். நரியைச் சுட்டா ஃபாரஸ்ட்காரன் என்னையாக்கும் கூட்டுல அடைப்பான். போய் கோழிக்கு நல்ல கம்பிவலை அடி."

கம்பிவலையாம்! வெளிநாட்டு நரி வேட்டை வீடியோ நாப்பது பாத்தவன்கிட்ட சொல்லுதாரு!

அவனுவ என்ன செய்வானுவ தெரியுமா? புதருக்குள்ள படுத்துக்கிட்டு, ஸ்பீக்கர்ல ஆட்டுக்குட்டி அலறுற சத்தம் போடுவானுவ. நரி தேடி வரும். வந்தா நான் ஒரு ஓலைவெடி கொளுத்திப் போடுவேன். அது அம்பூரி மலை தாண்டி ஓடிரும். திட்டம் எப்படி!

சாயங்காலம் அஞ்சு மணி. பச்சைக் கொசுவலையைத் தலையோட போத்தி, இலையெல்லாம் சொருகி, ரப்பர் மரத்து மூட்டுல குப்புறப் படுத்தேன். போன்ல வீடியோவைத் தட்டினேன். பாறை மேல வச்சிருந்த ஸ்பீக்கர் ஆட்டுக்குட்டியா அலறிச்சு.

முதல்ல வந்தது நாயி. மூணு. ஒண்ணு என்னையும் மரம்னு நினைச்சு காலைத் தூக்கிச்சு. ஓலைவெடிக் கட்டு முழுசும் நனைஞ்சுது. நான் அசையலையே! வேட்டைக்காரன்லா!

அடுத்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா.

"ஐயோ கர்த்தாவே! எவளோ பச்சப்பிள்ளையை ரப்பருக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கா! ஓடி வாங்க!"

அவங்க வீட்டு ஜெபக்கூட்டம் அப்படியே எழும்பி ஓடி வந்துது. பின்னால ஷீபா. ஒருத்தி போலீஸ் நம்பர் தேடுதா. ஒருத்தி பால் எடுக்க ஓடுதா. ஸ்டெல்லா அக்கா கண்ணீரோட, "கரையாத மக்கா, அழாத, அம்மை வந்துட்டேன்"னு பாறையைச் சுத்தித் தேடுதாங்க.

எழும்பிச் சொல்லணும். எந்த முகத்தோட எழும்ப?

அப்பந்தான் வீடியோவுக்கு நடுவுல விளம்பரம் வந்துது. பச்சப்பிள்ளை அழுகையை நிறுத்திட்டு, தடிச்ச ஆம்பளைக் குரல்ல, மலையாளத்துல, "முடி கொழியுந்நுண்டோ?"ன்னு கேட்டுது. முடி கொட்டுதான்னு!

"பிசாசு!"ன்னு ஸ்டெல்லா அக்கா திரும்பி ஓடி, நேரா எனக்க முதுகுல மிதிச்சாங்க.

"நான்தான்! நான்தான்!"னு எழும்பினேன். இலையும் வலையுமா எழும்புன என்னையப் பாத்து மொத்தக் கூட்டமும் ஓடிச்சு.

ஷீபா மட்டும் அசையல. "லுங்கி தெரியுது"ன்னா.

வீட்டுக்கு வந்தா, முற்றம் முழுக்கக் கோழித் தூவல் பறக்குது. அஞ்சு கோழியில மூணுதான் நிக்குது.

மறுநாள் ஜெயராஜ் அண்ணன் வந்து எல்லாத்தையும் கேட்டாரு. சிரிக்கக்கூட இல்லை, கேட்டியளா.

"சத்தம் நரிக்கு நல்லாவே கேட்டிருக்கு மக்கா. வீட்டுல ஒருத்தரும் இல்லைன்னு அதுக்கு மனசிலாச்சு."