பை திரும்பி வருகிறது, சம்பந்தி

காந்தல், உதகமண்டலம்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி ராசு அவர்களுக்கு இருளப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே குளிரும் நாங்களும் சௌக்கியம். சிங்காநல்லூரில் வெயிலும் நீங்களும் சௌக்கியமாக இருக்க எங்கள் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் பேசினால் உங்கள் வீட்டம்மா அழுவார்கள், நான் குரலை உயர்த்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன தடவை பேசும்போது, "ஏனுங்க சம்பந்தி, புள்ள அங்க வயிறாரச் சாப்புடறாளுங்களா?" என்று கேட்டீர்கள். பெற்றவர் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்டதோடு விட்டீர்களா? ஒரு பெரிய கடைப் பையில் அரிசி பருப்பைப் போட்டு, வாயைத் தைத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். பை பளபளவென்று இருக்கிறது. அந்தக் கடையில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்குமாம். திறக்கட்டும். எங்கள் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கிறது என்று உங்களிடம் யார் சொன்னது? பை தைத்தது தைத்தபடி மூலையில் இருக்கிறது. ஜெகதீசன் நாளைக் காலையில் கேரட் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறான். அங்கிருந்து பஸ் ஏறி, உங்கள் மாப்பிள்ளை கையாலேயே அது உங்களிடம் திரும்பி வரும். வருத்தப்பட வேண்டாம். இது சண்டை இல்லை, மரியாதை.

நாங்கள் எப்படிச் சாமான் வாங்குகிறோம் என்று தெரிந்தால் நீங்கள் பை அனுப்பியிருக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரி காத்தாயி காலையில் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். காலையில் வாங்குகிறவர்கள் டூரிஸ்டுகள். சாயங்காலம், வானம் இருட்டி, கடைக்காரர்கள் தார்ப்பாயைத் தேட ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் கிளம்புவாள். அப்போதுதான் தக்காளியைக் கூறு கட்டி வைப்பார்கள். அவள் விலை கேட்பாள், முகம் சுளிப்பாள். அந்த இடத்தில்தான் என் வேலை. "வேணாம், வா போலாம்" என்று கோபமாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடக்க வேண்டும். கடைக்காரர் பயந்துபோய்க் கூறோடு இன்னும் நாலு பழம் சேர்த்துப் போட்டு அவளைக் கூப்பிடுவார். இத்தனை வருஷத்தில் என் கோபத்துக்கு மயங்காத கடை ஊட்டி மார்க்கெட்டில் இல்லை. ஒருநாள் கோபம் ரொம்ப நன்றாக வந்துவிட்டது. நடந்த வேகத்தில் காந்தல் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் தக்காளியும் கையுமாக மழையில் நடந்து வந்தாள். அன்றைக்கு ரசம் யாருக்கும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் சுகுணாவையும் அழைத்துப்போனோம். இது நாடகம் என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டோம். நான் கோபித்துக்கொண்டு நடந்ததும் பிள்ளை பதறிப்போய், "மாமா கோவிச்சுக்கிட்டுப் போறாருங்க, நீங்க சொன்ன வெலையே வெச்சுக்கங்க" என்று முழுக் காசையும் கொடுத்துவிட்டு என் பின்னால் ஓடி வந்தாள். கடைக்காரர் சிரித்த சிரிப்பு எனக்குப் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. இப்போது நிலைமையே வேறு, சம்பந்தி. கோபித்துக்கொண்டு நடப்பது உங்கள் மகள்தான். நானாவது திரும்பிப் பார்ப்பேன், அவள் திரும்பியே பார்ப்பதில்லை. போன வாரம் முட்டைக்கோஸ்காரர் கடையை விட்டு இறங்கி, "ஏம்மா, கோவம் தீந்தா வாங்கிட்டுப் போம்மா" என்று கெஞ்சினார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கேரட்டுக்கு நாங்கள் கடைக்கே போவதில்லை. இத்தலாரில் கேரட் கழுவும் இடத்தில் காத்தாயிக்கு வேலை. மிஷினில் உடைந்தது மண்டிக்குப் போகாது, வேலை செய்கிறவர்கள் அள்ளிக்கொள்ளலாம். அதனால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் கேரட், பொரியலில் கேரட், உப்புமாவிலும் கேரட். "அம்மா, டீயிலயாவது போடாம இருங்க" என்கிறான் ஜெகதீசன். உடைந்தாலும் கேரட் கேரட்டுதானே?

ரேஷன் கடையில்தான் கொஞ்சம் இழுபறி. ஆயுசெல்லாம் தேயிலை பறித்து, இப்போது கேரட் மண்ணிலும் புரண்டு, காத்தாயியின் கட்டைவிரலில் ரேகையே இல்லை. மிஷின் அவளை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் தடவினாள். பிறகு யார் விரலையும் அது ஒத்துக்கொள்ளவில்லை, கியூவே திரும்பி எங்களைத் திட்டியது. என் விரலும் அதே கதிதான், ஜெகதீசன் கடை திறக்கும் நேரத்தில் லாரியில் இருப்பான். சுகுணா விரலை வைக்கலாமென்றால் அவள் பேர் இன்னும் உங்கள் கார்டில் இருக்கிறது. நீக்கித் தாருங்கள் என்று கல்யாணத்திலிருந்து கேட்கிறேன். "பண்ணிடலாமுங்க" என்கிறீர்களே தவிர, செய்கிற வழியைக் காணோம். அதை மட்டும் முடித்துக்கொடுங்கள். வேறெதுவும் எங்களுக்கு வேண்டாம். உங்கள் மகள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
இருளப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் பார்த்தேன். "நல்ல பேப்பரு, ஓரத்துல எழுதுங்க" என்று காத்தாயி தடுத்துவிட்டாள். விடிந்ததும் ஜெகதீசன் பையைத் தூக்கினான், அடி பிய்ந்துவிட்டது. உருண்டு விழுந்தது ரேஷன் பாமாயில் பாக்கெட். பின்னாலேயே கொட்டியது ரேஷன் அரிசி. எனக்குத் தெரியாதா அந்த அரிசி? ஆனால் அதில் ஒரு கல் இல்லை, குருணை இல்லை. உங்கள் வீட்டம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்கள். சுகுணா தரையிலேயே உட்கார்ந்து, "எம் பேருக்கு வர்ற அரிசிங்க மாமா. அப்பா எம் பங்கை எனக்கே அனுப்பிச்சிருக்காரு" என்று அழுதாள். கண்ணாடிக் கதவு, பளபளப்பு என்று எழுதினேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்களும் நாங்களும் ஒரே கியூவில்தான் நிற்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது. அரிசி உலையில் ஏறிவிட்டது. கார்டில் பேர் நீக்குவதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. பிய்ந்த இடத்தைத் தைத்துப் பையை மட்டும் அனுப்புகிறேன், உள்ளே உடைந்த கேரட். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று காத்தாயி மேலே நாலு முழுக் கேரட்டை அடுக்கினாள். நான் எடுத்துவிட்டேன். நம்ம சம்பந்திதானே.