சதுரடி அண்ணாச்சியும் ரெண்டாவது கரண்டியும்

இந்த நாட்டு வரிச் சட்டம் மொத்தத்தையும் ஒரு அளவு நாடாவுக்குள் சுருட்டிவிடலாம் என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். கொத்தனார் வேலையிலிருந்து ஓய்ந்தும் நாடாவை விடாத அவருக்கு ஊர் வைத்த பெயர் சதுரடி அண்ணாச்சி.

வீட்டு வரி சதுரடிக்கு ஒரே விகிதம், யாருக்கும் விலக்கு கிடையாது என்பது அவர் கட்சி.

"சலுகை குடுக்க அதிகாரம் இருக்கப்போயித்தானே மக்கா, கவுன்சிலருக்குப் பொறத்தால நாலு பேரு நடக்கான்? அத உருவிப்போட்டா அவன் தனியால்லா டீ குடிக்கணும்!"

பந்தியிலும் இதே சட்டம்தான். சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்தில் கவுன்சிலர் இலையில் மட்டும் பிரதமன் பாயசம் ரெண்டு கரண்டி விழுந்தது. அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"எலைக்கு ஒரு கரண்டி. இல்லேன்னா அத்தன எலைக்கும் ரெண்டு!"

பரிமாறியவன் வாளியோடு ஓடிவிட்டான்.

கவுன்சிலரின் கல்யாண மண்டபம் வரிப் பதிவேட்டில் தேங்காய்க் கொட்டகை என்றிருப்பது ஒருநாள் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. தெரு முழுக்க அளந்து மனு எழுத ஆரம்பித்தார். நாடா என் வாசலுக்கும் வந்தது.

"ஒனக்க மாடி எங்க மக்கா பதிவேட்டுல?"

மாடியை மறைத்தது கவுன்சிலர் எனக்குச் செய்த உபகாரம்.

"அண்ணாச்சி, இருவது வருசப் பழக்கம். இத மட்டும் விட்டிருங்க."

"விட்டா அவனுக்கும் எனக்கும் என்னடே வித்தியாசம்?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பேனா மட்டும் நிற்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்ததோ, அவர் கணக்கில் காட்டாமல் கட்டியிருந்த சொந்த அடுக்களை.

விசாரணை முடிந்து ரெண்டே வீட்டுக்கு வரி ஏறியது. ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. மண்டபம் இன்றைக்கும் தேங்காய்க் கொட்டகைதான். அங்கே தேங்காயைப் பார்க்க வேண்டுமானால் தாலி கட்டும் நேரத்தில் போக வேண்டும்.

ஆறு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. எதிரே வந்தால் செருப்பைப் பார்த்தே நடந்தேன்.

போன மாதம் அதே கொட்டகையில் என் மகள் கல்யாணம். மனசு கேட்காமல் நானே போய் அழைத்தேன், வந்தார். பிரதமன் வாளியையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர் இலையில் ரெண்டாவது கரண்டியைச் சாய்க்கப் போனபோது கையால் மறைத்தார்.

"சலுகை வேண்டாம் மக்கா."

இந்த மனுஷன் இல்லாமல் ஆறு மாதம் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆற்றாமையாக இருந்தது. வாளியோடு திரும்பி, பந்தியின் முதல் இலைக்குப் போனேன். ஒரு இலை விடாமல் எல்லாருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே அவரிடம் வந்து நின்றேன்.

அண்ணாச்சி கையை எடுத்தார்.