ஆறு வருது!

காரைக்கால் வட்டாரத்தில் மண் அள்ளும் வண்டி எதுவும் லோடு அண்ணனிடம் பொய் சொன்னதில்லை. சொல்வதெல்லாம் மனிதர்கள்தான். அவர்களையும் அவர் சும்மா விட்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். வரிச்சிக்குடியில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் மனைவியே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கதவைச் சாத்திவிடுவார். பொக்லைன், ரோடு ரோலர், கிரேன் என்று பெரிய வண்டிகளுக்குக் கரண்ட் கோளாறு பார்ப்பது அவர் தொழில். எந்த வண்டியிடம் போனாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்.

"லோடு போட்டுப் பாருங்க தம்பி. சும்மா நிக்கும்போது எல்லா வண்டியும் இருபத்திநாலு வோல்ட்டு காட்டும். வேலை கொடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

இந்த வைத்தியத்தை வண்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. விழிதியூரில் ஒரு பெண் வீட்டார், வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் விசாரித்தார்கள். "பார்க்க நல்லாத்தான் இருக்காரு. எதுக்கும் ரெண்டு நெல்லு மூட்டையத் தூக்கி உள்ள வைக்கச் சொல்லிட்டு மூஞ்சியப் பாருங்க" என்றார். அவர்களும் செய்தார்கள். முதல் மூட்டைக்கே "நாளைக்கு வர்றேங்க" என்று போன மாப்பிள்ளை இன்னும் வரவில்லை.

அவருடைய பங்குக் கோயிலில் பிரசங்கத்தின் நடுவே ஒலிபெருக்கி அணைந்து அணைந்து எரிச்சல் மூட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பக்கத்திலேயே மீட்டரோடு உட்கார்ந்துவிட்டார் லோடு அண்ணன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையே மறந்து, "சாமி, நரகத்தைப் பத்தி நீங்க கத்தும்போதுதான் வோல்ட்டு எறங்குது. மோட்சத்துக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார். அன்றிலிருந்து அங்கே பிரசங்கம் பத்தே நிமிஷத்தில் மோட்சத்துக்குப் போய்விடுகிறது. சபையார் இன்றும் அவருக்காக ஜெபிக்கிறார்கள்.

எனக்கும் அவருக்குமான கதை நெடுங்காட்டுப் பக்கத்து வாய்க்காலில் நடந்தது. தூர்வாரும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால், வேலை நடக்கும்போது நிழலில் நிற்பவன், வேலை நிற்கும்போது வெயிலில் ஓடுபவன்.

காவிரித் தண்ணீர் வந்து சேர்வதற்குள் வாய்க்காலை முடித்தாக வேண்டும். கடைசி நாள், கடைசித் திருப்பம். வாய்க்காலின் நட்டநடுவில் பொக்லைனை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஆபரேட்டர் செல்வம், திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு தடவை. 'டிக்.' அதற்குமேல் வண்டிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து மேலே மதகு பார்க்கும் லஸ்கர் போன் செய்தார். "தண்ணிய தொறந்தாச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க பக்கம் வந்துரும்."

வண்டி முழுகினால் என் வேலையும் சேர்ந்து முழுகும். எனக்கு முன்னால் ரோலரைச் சேற்றில் விட்ட சூப்பர்வைசர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் வீட்டுக்கே தெரியாது.

நான் பதறுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் எல்லோருக்கும் போன் போடுவேன். பிறகு அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு போன் எங்கே என்று தேடுவேன். அன்றைக்குத் திருநள்ளாறு சனீஸ்வரனையும் வேளாங்கண்ணி மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். இருவரில் யார் அனுப்பினார்களோ, லோடு அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். அதற்குள் ஒரு லாரியிலிருந்து ரெண்டு பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்திருந்தோம். அப்போதும் 'டிக்'தான்.

"புது பேட்டரிங்கண்ணே!"

"புதுசா இருந்தா என்ன? லோடு போட்டுப் பார்ப்போம்."

"தண்ணி வருதுண்ணே!"

"வரட்டும் தம்பி. விவசாயத்துக்கு நல்லதுதானே."

முண்டாசுக்குள்ளிருந்து மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தார். "இருபத்தஞ்சு. சுத்தம்." செல்வத்தைச் சாவி திருப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் மோட்டாரில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அங்க கெளம்புறது இங்க வந்து சேரல. நடுவுல ஒருத்தன் திங்கிறான்."

யார் அந்த ஒருத்தன் என்று நான் செல்வத்தைப் பார்த்தேன். செல்வம் என்னைப் பார்த்தார்.

பிளஸ் பக்கத்து வயர் முழுக்கத் தேடினார். அங்கே திருட்டு இல்லை. அடுத்து மைனஸ் பக்கம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை வண்டியின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டபடி, "திருப்புங்க!" என்றார். செல்வம் திருப்பினார்.

"ஆறு!" என்று உள்ளேயிருந்து ஓர் அலறல். "ஆறு வருது! ஆறு வருதுய்யா!"

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. செருப்பை வாய்க்காலிலேயே விட்டுவிட்டுக் கரையேறினேன். கரையிலும் நம்பிக்கை வராமல் பக்கத்திலிருந்த கருவை மரத்தில் ஏறினேன். இந்த வயதில், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு, அந்த முள் மரத்தில் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மேலேயிருந்து, "ஓடுங்க! ஆறு வருது!" என்று நான் போட்ட சத்தத்தில், வரப்பில் நின்ற ஆட்டுக்காரர் ஆடுகளை விட்டுவிட்டு ஓடினார். ஆடுகள் நிதானமாக நின்று என்னைப் பார்த்தன.

லோடு அண்ணன் தலையை வெளியே எடுத்து மேலே பார்த்தார்.

"தம்பி, அங்க என்ன பண்றீங்க?"

"ஆறு வருதுன்னு நீங்கதானேண்ணே கத்துனீங்க!"

"மீட்டர்ல வருது தம்பி. ஆறு வோல்ட்டு. இந்தப் பக்கம் ஒண்ணுமே வரக் கூடாது. எறங்கி வாங்க."

ஏறியது எப்படி என்று தெரியாததால் இறங்க நேரமாயிற்று. நான் வந்து சேர்ந்தபோது, பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த் பட்டையைக் கழற்றி வைத்திருந்தார். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பளபளவென்று மஞ்சள் பெயின்ட். ரெண்டு கோட்டிங்.

"இத்தனை நாளா போல்ட்டு மரை வழியா ஏதோ கொஞ்சம் ஓடியிருக்கு. இப்ப அதுவும் கருகிடுச்சு" என்றார். பிறகு அந்த மஞ்சளை விரலால் தடவி, "யாரு இந்த அழகு பார்த்தது?" என்று கேட்டார்.

நான்தான். பூமி பூஜைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று, ஒரு போல்ட் விடாமல் கழற்றிப் பூசச் சொன்னவன் நான். "மேலால அடிச்சாப் போதும், எதையும் கழட்டாத" என்று முதலாளி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்திருந்தது.

நான் வரப்பில் நின்ற ஆடுகளை எண்ணத் தொடங்கினேன். லோடு அண்ணன் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். மீட்டர் வைக்கத் தேவைப்படவில்லை. பேனாக்கத்தியால் பெயின்டைச் சுரண்டி, இரும்பு மின்னும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பட்டையை முறுக்கினார். செல்வம் சாவியைத் திருப்பினார். 'டிக்' இல்லை. ஒரே உறுமல். வண்டி கரையேறி அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. வைக்கோல், நுரை, காலி பாட்டில் என்று வழியில் கிடைத்ததையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது, என் செருப்பையும் சேர்த்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனது.

முதலாளி போன் செய்தார். "என்னய்யா ஆச்சு? யாரு பார்த்த வேலை இது?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். லோடு அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நாந்தாங்க. எர்த் பட்டையில பிடிப்பு இல்லாமப் போயிடுச்சு. ஓடுற வண்டியில சகஜந்தாங்க. சரி பண்ணியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "உங்க சூப்பர்வைசர் தம்பி இருக்காரே, கடைசி வரைக்கும் இடத்த விட்டு நகரலீங்க" என்றார்.

செல்வம் கருவை மரத்தைப் பார்த்து இருமினார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றார் லோடு அண்ணன். எதற்கென்று தெரியாமல் வரப்பில் உட்கார்ந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர், சேறு அப்பிய என் வெறுங்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நோஸ் பிளையரை எடுத்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"அண்ணே, கால விடுங்கண்ணே."

"ஆடாதீங்க."

ஏழோ எட்டோ முள் இருக்கும். அத்தனையும் வெளியே வரும்வரை நான் ஆடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதறவும் இல்லை.