ஆராய்ச்சி நைனா அளந்த கடல்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆராய்ச்சி நைனா ஆராயாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டுக் கூரை ஏன் ஒழுகுகிறது என்பது. மற்றபடி தண்ணீர், காற்று, மண், மூளை, பஸ், பலாப்பழம் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. ஒரு கம்பெனிக்காக நிலம் அளக்கிற கோஷ்டியில் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் உத்தியோகம். இன்னொரு முனையைப் பிடிக்கிறவர் சும்மா பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இவர் மட்டும் சங்கிலியைப் பிடித்த நாளிலிருந்து தானும் விஞ்ஞானி என்று முடிவுகட்டிவிட்டார். கம்பெனி கழித்துப்போட்ட பழைய சங்கிலி ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

நான் தெற்கத்திக்காரன். கல்யாணமான புதிதில் தண்டையார்பேட்டை மண்டி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வாடகை குறைச்சல் என்று கடலோரத் தெருவில் குடிவந்தேன். பக்கத்து வீடு அவருடையது. வந்த மறுநாளே, "குமாஸ்தா, உன் கையெழுத்து எப்டி கீது?" என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவருடைய ஆராய்ச்சி நோட்டு என் தலையில் விழுந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

என் பெயரை அவர் கேட்கவே இல்லை. யார் பெயரையும் கேட்க மாட்டார். மூளையில் இடம் கொஞ்சம்தான் இருக்கிறதாம். பெயர்களைப் போட்டு அடைத்தால் ஆராய்ச்சிக்கு இடம் பத்தாதாம். ஆகையால் நான் குமாஸ்தா, முடிவெட்டுகிறவர் கத்திரி, தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்த டில்லியம்மா இட்லியம்மா. பெண்டாட்டியை எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்காதீர்கள். "தோ பாரு" என்பார், அந்த அம்மாள் வந்துவிடுவார்.

இந்த மூளை விஷயத்தை அவர் சும்மா சொல்லவில்லை, நிரூபித்தே காட்டினார். ஒருநாள் காலையில் டீக்கடையில் ஒரு பஸ் டிரைவரைப் பிடித்து உட்காரவைத்து, பத்து மீன்களின் பெயரைச் சொல்லி ஒப்பிக்கச் சொன்னார். டீ குடிப்பதற்கு முன்னால் ஆறு சொன்னார் டிரைவர். டீக்குப் பிறகு எட்டு. இன்னொரு டீக்குப் பிறகு பத்தும் வரிசையாக வந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்குள் தெருவில் ஒரே கூச்சல். பஸ்ஸில் ஜனங்கள் அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் எடுக்க வேண்டும் என்பதையே டிரைவர் மறந்துவிட்டார்.

"பாத்தியா குமாஸ்தா? பத்து மீனு உள்ள பூந்துது, பஸ்சு வெளிய வந்துட்ச்சு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே நேரத்தில்தான் கீழே விழும் என்று எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு, ஒரு கிடங்கின் மாடியிலிருந்து முழுப் பலாப்பழத்தையும் ஒரு தேங்காயையும் சேர்த்துப் போட்டார். இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. கிடங்கு வாட்ச்மேன் சைக்கிளின் மேல் விழுந்தன.

"ஒண்ணா வுழுந்துது, சர்தான்யா. என் சைக்கிள் மேல ஏன்யா வுழணும்?" என்று அந்த ஆள் அழாத குறையாகக் கேட்டார்.

"அது வேற ஆராய்ச்சி, நைனா" என்றார் இவர். சைக்கிளைச் சரிபண்ணிக் கொடுத்தது என்னவோ நைனாதான். பலாப்பழத்தை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

கணக்கிலும் கை வைத்தார். டோல்கேட்டில் பாரிமுனை பஸ்ஸுக்கு நின்றால் எதிர்ப்பக்கத்து எண்ணூர் பஸ்தான் முதலில் வருகிறது என்று ஒரு மாசம் நின்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார். சீக்கிரம் பஸ் கிடைக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் போய் நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவுசெய்து, அப்படியே போய் நின்று, உடனே பஸ் கிடைத்து, ஏறி உட்கார்ந்து, எர்ணாவூர் தாண்டும்போதுதான் ஐயாவுக்கு விஷயம் உறைத்தது.

இதெல்லாம் சில்லறை. அவருடைய பெரிய ஆராய்ச்சி கடல்.

கடல் ஊருக்குள் வருகிறதா இல்லையா என்பது எங்கள் தெருவில் அப்போது எல்லோருக்கும் இருந்த கவலை. துறைமுகத்துக்கு வடக்கே கரை தேய்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் புரளி என்று சிலர் சொல்வார்கள். நைனா அளந்து பார்த்துவிடுவது என்று, வெள்ளைக்காரன் போன வருஷத்தில் இறங்கினார். கடலுக்கு நாளுக்கு ஒரு புத்தி. கண்ட நாளில் அளந்தால் கணக்கு நிற்காது. அதனால் வருஷத்துக்கு ஒரே நாள், ஆவணிப் பௌர்ணமி, விடிந்ததும் அளப்பார். குப்பத்துக்காரர்கள் படகை இழுத்துக் கட்ட மணலில் ஒரு பனந்தடியை முளையாக நட்டு வைத்திருந்தார்கள். அந்த முளையில் சங்கிலியை மாட்டி அலை தொடுகிற இடம் வரைக்கும் பிடிப்பார்.

முதல் வருஷம் அறுபது அடி. அடுத்த வருஷமும் அறுபது. அதற்கடுத்த வருஷம் அறுபத்தொன்று. ஆறு வருஷமாக இந்த அறுபதை நான்தான் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். "கடல் ஒரு அடி நவுரல நைனா. புரளி கெளப்பறவனை இட்டாந்து என் நோட்டைக் காட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

டில்லியம்மா அதைக் கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றுவாள். அவள் எர்ணாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். இரண்டு தடவை குடிசை பற்றி எரிந்து, உடுத்திய துணியோடு வெளியே வந்து நின்றவள். மூன்றாவது தடவை கூடாது, செங்கல் வைத்து ஒரு வீடு கட்டியே தீருவது என்று இருந்தாள். குப்பத்துக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் சல்லிசாக வந்தது. அது ஏன் சல்லிசு என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"நைனா, அங்க கட்னா கடலு வராதே?"

"என் நோட்டைப் பாரு இட்லியம்மா. தெகிரியமா கட்டு."

கட்டினாள். நிலைவாசல் வைத்தாகிவிட்டது. சுவர் ஆள் உயரம் எழும்பிவிட்டது. கூரை போடுவதற்கு முன்னால் ஒரே ஒருதரம் அளந்து சொல்லேன் என்று கேட்டாள். அப்போது ஆனி மாசம். அவர் வழக்கத்துக்கு அது விரோதம்தான். ஆனாலும் அவளுக்காகச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நோட்டோடு நானும் போனேன்.

நாற்பத்து மூன்று அடி.

சங்கிலி எங்காவது சிக்கியிருக்கும் என்று உதறிவிட்டு மறுபடி பிடித்தார். நாற்பத்து மூன்று. சங்கிலியை நான் மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னைத் திட்டிவிட்டு மூன்றாவது தடவை பிடித்தார். அதே நாற்பத்து மூன்றுதான். வலையை உதறிக்கொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் சின்னாண்டி இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, இப்ப வந்து அளந்துகினு கீறே? ஆவணி பொறக்கட்டும். முளைய புடுங்கி பின்னால நட்டுர்றோம். அப்பால வா, சரியா வரும்."

நைனா கையிலிருந்த சங்கிலி கீழே விழுந்தது.

"பின்னால நடுவீங்களா?"

"பின்ன? வருஷா வருஷம் தண்ணி ஏறிகினே வருதே. முளைய அலை தொட்டா படகு எங்க கட்றது? ஆவணி பொறந்தா அலைலேர்ந்து இருவது தப்படி வச்சி நடுவோம். எங்கப்பாரு காலத்துலேர்ந்து அதான் வழக்கம்."

இருபது தப்படி என்றால் அறுபது அடி. அவர்கள் நட்ட சில நாளைக்குள் பௌர்ணமி வந்துவிடும், இவர் சங்கிலியோடு போய் நிற்பார். ஆறு வருஷமாக ஆராய்ச்சி நைனா கடலை அளக்கவே இல்லை. சின்னாண்டியின் காலை அளந்திருக்கிறார்.

"ஏன்யா, இத்த ஏன் என்னாண்ட ஒருத்தரும் சொல்லல?"

"நீ ஆராய்ச்சி பண்றவன். உனுக்குத் தெரியாதா இன்னா?" என்றார் சின்னாண்டி. அவர் கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார்.

சிரிப்பு எனக்கு நெஞ்சு வரை வந்துவிட்டது. நைனா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் டில்லியம்மாவின் அரைச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சங்கிலியை எடுத்து அந்தச் சுவரிலிருந்து அலை வரைக்கும் பிடித்தார். நூற்றைம்பது அடிதான் இருந்தது. அறுபதில் நாற்பத்து மூன்று போக வருஷத்துக்குப் பதினேழு என்று வைத்தால் ஒன்பது வருஷம்கூடத் தாங்காது.

இந்த இடத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். ரொம்ப விவரமான யோசனை என்று அப்போது நினைப்பு. "நைனா, ஒன்பது வருஷம் கிடக்கு. அதுக்குள்ள யார் எங்க இருப்போமோ. இப்ப போய்ச் சொன்னா அந்த அம்மா தாங்குவாளா? உங்க மானமும் போயிரும். பேசாம வாயை மூடிக்கிட்டு இருந்திருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கணக்கு தப்பாப் பூட்டா திருத்தணும் குமாஸ்தா. நோட்டுல மட்டும் திருத்தனாப் போதுமா? அவ இன்னா என் நோட்டுலயா வூடு கட்னா?"

நேராக இட்லிக்கடைக்கு நடந்தார். துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த நாசூக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. நட்ட நடுவில் நின்று, "இட்லியம்மா, நான் சொன்னது தப்பு. கடலு வந்துகினு கீது. அங்க கட்டாத" என்றார்.

டில்லியம்மா கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"அடப்பாவி மனுசா! சுவரு எழும்பினப்பறமா வந்து சொல்றே? உன்ன நம்பித்தானேய்யா கல்லு எறக்கினேன்? என் பொண்ணுங்கள நடுத்தெருவுல வச்சிட்டியே!"

என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி சாம்பார் அண்டாவில் போட்டாள். ஆறு வருஷ ஆராய்ச்சி முருங்கைக்காயோடு மிதந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இனிமேல் இந்தக் கடைப் பக்கம் வராதே என்றாள். அவரும் வரவில்லை.

ஆனால் மறுநாள் விடியற்காலையில் அந்த அரைச்சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து, சின்ன உளியால் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். மண் வைத்துக் கட்டிய சுவர், அதனால் கற்கள் முழுசாக வந்தன. டோல்கேட்டுக்குப் பின்னால் டில்லியம்மாவின் தம்பிக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அக்காளுக்கும் தம்பிக்கும் பத்து வருஷமாகப் பேச்சில்லை. எதற்குச் சண்டை என்று இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகமில்லை. நைனா போய் அந்தத் தம்பி வீட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, மூளையில் இடம் கொஞ்சம்தான் என்று விளக்கம் சொல்லி, அவனைச் சம்மதிக்க வைத்தார். அவர் தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தேன் என்று அவன் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

வேலைக்குப் போகுமுன் சைக்கிளில் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. பின்னால் பன்னிரண்டு கல் கட்டுவார். எத்தனை கல் வரைக்கும் தாங்கும் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? பதினாறாவது கல் வைத்ததும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு மனுஷன் மல்லாக்க விழுந்தார். புது நோட்டு வாங்கி அதையும் எழுதச் சொன்னார்.

முதலில் தெருவே சிரித்தது. நாலு நாள் கழித்துச் சின்னாண்டி ஆட்களோடு கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். "முளைய நவுத்தினவங்க நாங்க. எங்க பங்கும் கீது இல்ல?" என்றார். மண்டிக்கு லீவு போட்டு நானும் கல் சுமந்தேன். நிலைவாசலை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். ஐப்பசி மழைக்கு முன்னால் டோல்கேட்டுக்குப் பின்னால் வீடு எழும்பிவிட்டது.

பால் காய்ச்சிய அன்று அவர் உள்ளே வரவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். டில்லியம்மா வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா, அங்கயே நின்னுகினு கீறே? கல்லு தூக்கினவன் தெருவுல நிக்கிறதா? உள்ள வா."

"நான் தப்பா சொன்னவன்மா."

"தப்பா சொன்னதும் நீதான், வந்து சொன்னதும் நீதான். இட்லி ஆறுது, வா."

பதினொரு இட்லி சாப்பிட்டார். நான் பக்கத்து இலை.

அவருடைய கணக்கு அப்போதும் தப்பாகத்தான் போயிற்று. ஒன்பது வருஷம் என்றார், கடல் ஆறாவது வருஷமே வந்துவிட்டது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், டில்லியம்மா அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அஸ்திவாரம் இருந்த இடத்தில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நைனா அதைப் பார்க்க இல்லை, முந்தின வருஷம்தான் காய்ச்சலில் போயிருந்தார்.

டில்லியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன் மட்டும் அன்னிக்கி வாய மூடிகினு இருந்திருந்தா..." என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். இதோ, இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நைனாவாக இருந்தால் அங்கேயே, அந்தத் தண்ணீரில் நின்றபடியே சொல்லியிருப்பார்.