பச்சை டிக் வாங்கிய புலி

போன லெந்து நோன்பு நாட்களில், ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி ஆற்றும்போது பக்கத்துத் தெரு எஸ்தர் ராஜாத்தி எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு காட்டில், எந்தக் கோடைக்கும் ஆண்டவர் கிருபையால் வற்றாத குளம் ஒன்றே ஒன்று இருந்தது. அங்குள்ள மிருகங்களின் பெயர், வயது, படுக்கிற புதர் எல்லாம் எழுதிய ஏடு முன்பு நரியின் குகையில் இருந்தது. நரி அதைப் புலிக்கு விற்றுத் தின்றது. மானம்மா மூத்த குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தாள்.

அதனால் புதுச் சட்டம் வந்தது. அவரவர் அடையாளம் அவரவர் போனிலேயே இருக்கும். உண்மைதான் என்று ஆந்தை முத்திரை போட்டுக் கொடுத்துவிடும். கேட்ட கேள்விக்கு மட்டும் போன் பச்சை டிக் காட்டும், மிச்சத்தை மூடிக்கொள்ளலாம்.

மனம் குளிர்ந்துபோன மானம்மா இளைய குட்டியோடு குளத்துக்குப் போனாள். வாசலில் முள்ளம்பன்றி காவல்.

"இந்தக் காட்டு ஆளா?"

பச்சை டிக்.

"உள்ளே போங்கக்கா."

குட்டி தண்ணீரில் வாய் வைத்த நேரம், வாசலில் புலி.

"இந்தக் காட்டு ஆளா?"

பச்சை டிக்.

"உள்ளே போங்கய்யா."

"அடப்பாவி, அது புலிடா!" என்று அலறினாள் மானம்மா.

"அதை நான் கேட்கக் கூடாதுக்கா. அது அவரு சொந்த விஷயம்."

"வரி தெரியலையா? பல்லு தெரியலையா?"

"கண்ணால பார்க்கிறது சாட்சியாகாது. முத்திரை இருக்கணும்."

புலி நெருங்கியது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கியது. மானம்மா கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்தாள்.

"நில்லும்! நான் மான் என்று உமக்கு யார் சொன்னது?"

"பார்த்தாலே தெரியுதே!"

"அது சாட்சியாகாதாம்."

"சரி, போனைக் காட்டு."

"மாட்டேன். அது என் சொந்த விஷயம்."

புலி காவலைப் பார்த்தது.

"அக்கா சொல்றது சட்டம்தான்யா," என்றது முள்ளம்பன்றி. "யாருன்னே தெரியாத ஆளை எப்படிச் சாப்பிடுவீங்க? மீறினா உங்க டிக் போயிரும். அப்புறம் தண்ணிக்கு எங்க போவீங்க?"

புலி உறுமிக்கொண்டே தண்ணீரால் வயிற்றை நிரப்பியது. மானம்மா குட்டியை இழுத்துக்கொண்டு நழுவினாள்.

புலிக்கு எதிரே கொழுத்த முயல் ஒன்று புதுப் போனை ஆட்டிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா புலியண்ணே! முயல், டிக்! மூணு கிலோ, டிக்! வியாதி ஒண்ணும் இல்லை, டிக்! எல்லாத்துக்கும் முத்திரை இருக்கு!"

புலி பொறுமையாக எல்லாவற்றையும் சரிபார்த்தது. பிறகு சட்டப்படி சாப்பிட்டது.

நீதி: புலி யாரென்று யாரும் கேட்கமாட்டார்கள், நீ யாரென்று நீயும் சொல்லாதே.

கதை கேட்டாயிற்று, நீங்கள் போகும்போது எங்கள் வெளிக்கேட்டைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் போங்கள்.