ஸ்கேன் ஐயா எடுத்த நூல்

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம், பார்சல் ஆபீசுக்கு மேல்மாடியில், ஸ்கேன் ஐயா அருள்பாலித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டு முழுக்க ஜனம். வயிற்றில் கட்டுப் போட்டவர்கள், கட்டுப் பிரித்தவர்கள், நாளைக்குக் கட்டுப் போடப்போகிறவர்கள், வேடிக்கை பார்க்க வந்துவிட்டு 'நமக்கும் ஏதாவது இருக்குமோ' என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றவர்கள்.

வயிற்றுக்குள் பார்க்க ஆஸ்பத்திரிக்காரர்கள் அறை நிறைய இயந்திரம் வைத்திருந்தார்கள். ஐயாவுக்கு இயந்திரம் கிடையாது, மின்சாரம் கிடையாது, படிப்பும் கிடையாது. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். தலையோடு கால் போர்வை போர்த்திப் படுத்திருப்பவரின் வயிற்றுக்கு மேலே உள்ளங்கையை ஓட்டுவார். "கல்லீரல்ல கை வெச்சிருக்கான்" என்பார். சரியாக இருக்கும். "குடல்ல ஒரு துண்டு போயிருக்கு" என்பார். அதுவும் சரியாக இருக்கும். பிறகு போர்வையை வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் விலக்கி, ஈரப்பஞ்சை வைத்துத் தேய்ப்பார். பஞ்சிலிருந்து கறுப்பு நூல் இழை இழையாக வரும்.

"டாக்டர் உள்ளே மறந்துட்டுப் போனது!"

கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் ஆளுக்கொரு புட்டி தைலம் விற்றுவிடும்.

வாசலில் ஓர் அம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பார். "பாவம், யாருக்கு உடம்பு சரியில்ல? எந்த இடத்துல ஆபரேஷன்?" என்று உருகி உருகிக் கேட்பார். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தண்ணீர் இலவசம் அல்லவா?

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை பக்தர் மரக்கடைக்காரர். ஒரு பலகை வாங்குவதென்றால் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார். மனிதர்களைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

அவருடைய தங்கை கணவருக்குக் குடலில் கட்டி. கல்லீரலிலும் ஒரு பொட்டு பரவியிருந்தது. இரண்டையும் ஒரே தடவையில் வெட்டி எடுப்பதாக முடிவு. அதற்கு முன்னால் சர்ஜன், மாப்பிள்ளை, தங்கை, மரக்கடைக்காரர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"குடலை இணைச்ச இடத்துல கசிவு வரலாம். கல்லீரல்லேர்ந்து பித்தம் கசியலாம். சீழ் பிடிக்கலாம். எவ்வளவு நல்லா செஞ்சாலும் சில பேருக்கு வரத்தான் செய்யும். வீட்டுக்குப் போனப்புறம் காய்ச்சல், நடுக்கம், வயிறு உப்பல், எது வந்தாலும் உடனே ஓடி வாங்க. வர்றது யாரோட தப்பும் இல்ல. லேட்டா வந்தாதான் ஆபத்து."

மரக்கடைக்காரருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "கத்தியை எடுக்குறதுக்கு முன்னாடியே இந்த நடுங்கு நடுங்குறான். தொழில் தெரிஞ்சவன் இப்படிப் பேசுவானா?" என்று தங்கையிடம் குமுறினார். நேரே ரோட்டைத் தாண்டி மாடி ஏறினார். "என்கிட்ட வந்தவங்க ஒருத்தருக்கும் ஒரு கோளாறும் வந்ததில்ல. நூத்துக்கு நூறு!" என்றார் ஸ்கேன் ஐயா. அதுவல்லவா பேச்சு!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் வந்துவிட்டார். இரண்டு நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு காலையில் உடம்பு கொதித்தது. போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டது. வயிறு மேளம்போல உப்பியிருந்தது.

தங்கை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் பிள்ளைகள் கத்தினாலும் கை நடுங்காதவள். அன்றைக்கு அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணே, வண்டியைக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? மறுபடி வெட்டவா? ஐயாகிட்ட போவோம். காய்ச்சல்னா உள்சூடு வெளியேறுதுன்னு அவர் எப்பவும் சொல்லுவார், அவ்வளவுதான்."

"அவர் பார்த்தாரா, சூடா சீழான்னு?"

"அவர் பார்க்காதது எது?"

படுக்கையிலிருந்து மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். "மச்சான் சொல்ற இடத்துக்கே போவோம்மா. இன்னொரு தடவை அந்த டேபிள்ல படுக்க என்னால ஆகாது."

அவர் கண்ணோரம் நனைந்திருந்ததைத் தங்கை பார்த்தாள். பயந்தவரிடம் வாதாடி நேரத்தைக் கரைக்க முடியாது.

"சரி, ரெண்டு இடமும் எதிரெதிரேதான் இருக்கு. முதல்ல உங்க ஐயா. ஆனா அங்கே நான் சொல்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு செய்யணும். அவர் சொல்றது சரியா இருந்தா நான் வாயே திறக்கல. தப்பா இருந்தா அடுத்த நிமிஷம் ரோட்டைத் தாண்டணும்."

"தாராளமா!" என்றார் மரக்கடைக்காரர்.

மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். தண்ணீர் அம்மாள் உருகினார். "குடல்லயும் கல்லீரல்லயும் ஆபரேஷன்" என்றாள் தங்கை. அம்மாள் உச்சுக்கொட்டியபடி உள்ளே போய்வந்தார்.

நோயாளியைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் போர்த்துவது வீட்டாரின் வேலை. திரை விழுந்ததும் தங்கை காதோடு சொன்னாள்.

"அண்ணே, நீங்க படுங்க."

"நானா?"

"அவர் மூஞ்சியைப் பார்க்கிறவர் இல்லையே, வயித்தைத்தானே பார்க்கிறார்? உங்க வயித்துல இதுவரைக்கும் கத்தியே படல. அதை அவர் கண்டுபிடிக்கட்டும். நான் அவர் கால்ல விழறேன்."

மரக்கடைக்காரருக்கு உற்சாகம் பொங்கியது. இன்றைக்கு இவள் கொட்டம் அடங்கியது! சட்டையைத் தளர்த்திக்கொண்டு மேஜையில் ஏறினார். மேஜை முனகியது. தங்கை தலையோடு கால் போர்த்திவிட்டாள். கூட்டத்தின் கண்ணில் படாத மூலையில், நாற்காலியில் மாப்பிள்ளை நடுக்கத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. ஐயாவின் உள்ளங்கை மேலே வந்து நின்றது.

'சொல்லுங்க ஐயா, "யாரடா என்னைச் சோதிக்கிறது"ன்னு ஒரு அதட்டு அதட்டுங்க' என்று போர்வைக்குள் வேண்டிக்கொண்டார் மரக்கடைக்காரர்.

"அடடா!" என்றார் ஐயா. "குடல்ல ஒரு சாண் போயிருக்கே! கல்லீரல்லயும் ஒரு ஓரத்தை நறுக்கியிருக்கான், பாவி!"

போர்வைக்குள் மரக்கடைக்காரருக்கு வியர்த்தது. அந்த வயிற்றில் காலைப் பலகாரத்தைத் தவிர வேறு எந்த விசேஷமும் இல்லை. ஒருவேளை கை தவறியிருக்குமோ? பெரியவர்களுக்கும் சறுக்கும். ஆனால் ஈரப்பஞ்சு வந்து தொப்புளுக்கு மேலே குளிர்ந்தது.

"பாருங்க! எவ்வளவு நூலை உள்ளே விட்டுத் தெச்சிருக்கான்!"

கூட்டம் 'ஆ' என்றது. மரக்கடைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, எங்கே தெச்சிருக்கான்?"

போர்வை சரிந்தது. சட்டையைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்தார். பூசணிக்காய்போல மொழுமொழுவென்று, ஒரு கீறல் இல்லாத தொப்பை.

ஐயா கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கணம் விழித்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"இது... போன பிறவியில செஞ்ச ஆபரேஷன்!"

"போன பிறவியிலயும் இதே ஆஸ்பத்திரிதானா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சிரிப்பு வெடித்தது. தங்கை அதற்குள் பஞ்சுத் தட்டைக் கவிழ்த்து ஒவ்வோர் உருண்டையாகப் பிய்த்துப் போட்டாள். எல்லாவற்றின் நடுவிலும் கறுப்பு நூல், இனிமேல் வரப்போகும் நோயாளிகளுக்காகப் பத்திரமாகச் சுருண்டிருந்தது.

"ஆனா எங்க அப்பாவுக்குக் குணமாச்சே!" என்றார் ஓர் இளைஞர்.

"ஆபரேஷன் செஞ்சவங்களால ஆச்சு, தம்பி" என்றாள் தங்கை. "நல்லானவங்க இங்கே நன்றி சொல்ல வர்றாங்க. காய்ச்சலோட வந்து, சூடுன்னு நம்பி வீட்டுக்குப் போனவங்க எங்கே? யாராவது பார்த்தீங்களா?"

சுவரோரம் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரர். சூடுன்னுதான் இந்த ஐயா சொன்னார். அவரை இனிமே யாரும் பார்க்க முடியாது. ஏன்னு கேட்கத்தான் நான் வந்தேன்."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஐயா பின்கதவைத் தேடினார். அங்கே தண்ணீர் அம்மாள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

மரக்கடைக்காரர் இதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் நாற்காலியை ஒரு பக்கம் தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க ரோட்டைத் தாண்டினார்.

குடல் இணைப்பில் சின்னக் கசிவு. பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. ஒரு குழாயைச் செருகிச் சீழை வெளியே எடுத்தார்கள். கையில் ஊசி வழியாக மருந்து ஏறியது. ரத்தத்தில் பரவியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார் சர்ஜன். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. மாப்பிள்ளை "பசிக்குதே" என்ற அன்றைக்குத் தங்கை வராந்தாவில் நின்று தனியாக அழுதாள்.

"இனிமே ஒண்ணும் வராதில்ல டாக்டர்?" என்று கேட்டார் மரக்கடைக்காரர்.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. கவனமாப் பார்த்துக்கிட்டே இருப்போம்."

அதே பதில்தான். இந்தத் தடவை அவருக்குத் தெம்பாக இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர் அன்று சாயங்காலம் அவரிடம் ரகசியமாகக் குனிந்தார். "அண்ணே, ரெண்டு தெரு தள்ளி புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். நாடியைத் தொட்டே குடலைச் சரி பண்றாராம். நூத்துக்கு நூறாம்!"

"போய்ட்டு வாங்க" என்றார் மரக்கடைக்காரர். "போறப்போ ஒண்ணு மட்டும் கேளுங்க. குணமாகாதவங்க வீட்டு விலாசம் நாலு கொடுங்கன்னு."

மைத்துனர் யோசித்தார். யோசிப்பதற்கு மயக்க மருந்து தேவையில்லை, வலிக்காது, தழும்பும் விழாது. ஆனாலும் நம்மில் பலர் இன்னும் அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறோம்.