சாப்பிடாத ஐந்நூறு பேர்

மூன்றாவது நாளும் புழுக்கள் சாப்பிடவில்லை. பால்கனியில் வைத்திருந்த பெட்டியின் மூடியை அவர் விரலளவு தூக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை போட்ட கேரட் தோல் போட்டபடியே கிடந்தது. புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது, முதல் வாரம் கிளறவே கூடாது என்று பெட்டியோடு வந்த புத்தகம் கண்டித்திருந்தது.

மகள் அனுப்பிய பெட்டி. வேலை கிடைத்துத் தொலைவுக்குப் போனவள், "வீட்ல உங்களைத் தவிர வேற உயிரும் இருக்கட்டும்ப்பா, குப்பையும் உரமாகும்" என்றாள். ஐந்நூறு உயிர். ஞாயிற்றுக்கிழமை போனில் விசாரிப்பாள். செத்துவிட்டன என்றால், புழுவையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

அவருக்குப் பல்செட் செய்யும் தொழில். முன்னறைதான் பட்டறை. பகல் முழுக்கச் சுற்றிலும் அச்செடுத்த வாய்கள், ஒன்றும் பேசாது. புழுக்களுக்குப் பல் கிடையாது என்று எட்டாம் பக்கத்தில் படித்ததும் மனம் இளகிவிட்டது. பல்லில்லாதவர்கள் பாடு அவருக்குத் தெரியாதா? தோலையெல்லாம் மிக்ஸியில் கூழாக அரைத்து ஊற்றினார்.

மறுநாள் கூழ் புளித்து, ஈ மொய்த்தது. நாற்றம் போகட்டும் என்று ஒரு வாளி தண்ணீர் விட்டார். அது பால்கனியிலிருந்து கீழ்வீட்டுத் துணிக்கொடியில் சொட்டியது.

கறை பட்ட போர்வையோடு கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார்.

"என்ன சார் வளர்க்கறீங்க?"

"புழு."

"அதெல்லாம் தானா வரும்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

மன்னிப்புக் கேட்டு, பெட்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து மேஜையடியில் வைத்தார். பக்கத்தில் இருந்ததால் பேச்சும் வந்தது. மகள் முதல் பல் விழுந்து அழுத கதையைச் சொன்னார். பழைய ஓட்டைப்பல்லையும் சேர்த்தே செய்யச் சொன்ன வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் இவ்வளவு பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கடைசியில் எப்போதும் அதே இடத்தில் வந்து நிற்பார்.

"ஒரு வாய் சாப்பிடுங்கடா கண்ணுங்களா. அவ கேட்டா நான் என்ன சொல்றது?"

சனிக்கிழமை காலை மணி அடித்தது. கூரியர்காரர் ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"உங்க புழு சார்."

"அதான் திங்கக்கிழமையே வந்தாச்சே."

"அன்னிக்குக் குடுத்தது பெட்டியும் அதுக்குள்ள போடற நாரும்தான் சார். புழு தனியாத்தான் வரும். நேத்தே ரெண்டு தடவை வந்தேன், உள்ள யாரையோ சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தீங்க, வீட்ல முடியாதவங்க இருக்காங்க போலன்னு பெல் அடிக்காமலே போயிட்டேன்."